ஆல்புகர்க்கி பலூன் திருவிழா: தரைக் குழுவில் சேர்ந்தால் என்ன வேலை, எங்கே ஆபத்து?

கேட்டவர் மயிலாப்பூர்க்காரர். அக்டோபரில் அமெரிக்காவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறார். அங்கிருந்து எல்லோருமாக நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கி பலூன் திருவிழாவுக்குப் போகத் திட்டம். மாப்பிள்ளைக்குத் தெரிந்த ஒரு பலூன் குழு, "காலையில் வந்து கைகொடுங்கள்" என்று கூப்பிட்டிருக்கிறதாம். ஸ்டியரிங் இல்லாததை எப்படி ஓட்டுகிறார்கள், தரையில் நிற்பவர்களுக்கு என்ன வேலை, ஆபத்தா, இதையே மெரினாவில் ஏன் செய்வதில்லை என்பவை அவருடைய கேள்விகள்.

கூப்பிட்டால் போங்கள். நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்து ஒரு மணி நேரம் கூடையில் நின்று வருவதைவிட, ஒரு காலைப் பொழுது தரைக் குழுவில் வேலை செய்தால் பலூனைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம். பறப்பதில் முக்கால்வாசி வேலை தரையில்தான் நடக்கிறது.

முதலில் ஓட்டும் விஷயம். விமானியால் செய்ய முடிந்தது இரண்டுதான்: ஏறலாம், இறங்கலாம். பக்கவாட்டில் போவதெல்லாம் காற்றின் பொறுப்பு. ஆனால் எல்லா உயரத்திலும் காற்று ஒரே திசையில் அடிப்பதில்லை. எந்த உயரத்தில் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கண்டுபிடித்து, தனக்கு வேண்டிய அடுக்கில் போய் உட்கார்ந்துகொள்வதுதான் ஓட்டுவது. பலூனின் பக்கவாட்டில் இருக்கும் திருப்பு வால்வுகள் பலூனை நின்ற இடத்தில் சுழற்றும், அவ்வளவே. இறங்கும்போது கூடையின் நீளப் பக்கம் சரியாக அமைய அது உதவும். திசை மாற்ற உதவாது.

ஆல்புகர்க்கி பலூன் ஊரானதற்குக் காரணமே இந்த அடுக்குகள்தான். அக்டோபரில் அங்கே பல இரவுகளில் வானம் தெளிவாக இருக்கும், தரை வேகமாகக் குளிரும். குளிர்ந்த கனமான காற்று ரியோ கிராண்டே ஆற்றுப் பள்ளத்தாக்கில் வடக்கிலிருந்து தெற்கே மெதுவாக வடியும். அதற்குச் சில நூறு அடி மேலே காற்று தெற்கிலிருந்து வடக்கே போகும். தாழ்வாகக் கிளம்பித் தெற்கே போய், உயரே ஏறி வடக்கே திரும்பி, மறுபடி இறங்கினால் கிளம்பிய மைதானத்துக்குப் பக்கத்திலேயே வந்துவிடலாம். இதை 'ஆல்புகர்க்கி பாக்ஸ்' என்பார்கள். தினமும் அமையும் என்று நம்பிப் போகாதீர்கள். மேகம் மூடினாலோ, மேற்கிலிருந்து காற்று எழுந்தாலோ பாக்ஸ் கலைந்துவிடும்; பலூன்கள் ஊர் முழுக்கச் சிதறி இறங்கும். 1972-ல் ஒரு ஷாப்பிங் மாலின் வண்டி நிறுத்துமிடத்தில் 13 பலூன்களோடு தொடங்கிய திருவிழா, 2000-ல் ஆயிரம் பலூன்களைத் தாண்டியது. பிறகு எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டார்கள். இப்போது ஐந்நூறு, அறுநூறு என்ற அளவில், ஒன்பது நாள் நடக்கிறது.

தூக்கும் சக்திக்கு வருவோம். திருவிழாவில் நீங்கள் பார்க்கும் சாதாரண விளையாட்டு பலூன் 77,000 கன அடி, அதாவது ஏறக்குறைய 2,180 கன மீட்டர். உள்ளே காற்றைச் சுமார் 100 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில், கடல் மட்டத்தில், வெளியே 23 டிகிரி இருக்கும் ஜனவரிக் காலையில் அது மொத்தம் 535 கிலோ அளவுக்குத் தூக்கும். ஆல்புகர்க்கி மைதானம் கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே, கிட்டத்தட்ட ஏற்காடு உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிது; ஆகவே தூக்கும் சக்தி குறைய வேண்டும். ஆனால் வெளியே 7 டிகிரி குளிர் இருப்பதால் 570 கிலோ கிடைக்கிறது. உயரம் எடுத்துக்கொண்டதைக் குளிர் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. தூக்குவது உள்ளே இருக்கும் சூடு மட்டும் அல்ல, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம். இந்த 570-ல் துணி, கூடை, பர்னர், நிரம்பிய சிலிண்டர்கள் எல்லாம் சேர்ந்து 250 முதல் 300 கிலோ வரை போய்விடும். மிச்சத்தில் விமானியோடு இரண்டு பேர், நெருக்கினால் மூன்று பேர். உங்கள் எடையை முகத்துக்கு நேராகக் கேட்பார்கள். கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்லாதீர்கள்.

100 டிகிரிக்கு மேல் ஏற்றிக்கொண்டே போனால் என்ன என்று தோன்றலாம். துணி நைலான் அல்லது பாலியெஸ்டர். கிழிசல் பரவாத நெசவு, உள்ளே காற்று கசியாத பூச்சு. நைலான் துணிக்கு 120 டிகிரி சுற்றுவட்டாரம்தான் எல்லை. அதைத் தாண்டினால் துணியின் பலம் சீக்கிரம் போய்விடும். உச்சியில் வெப்பமானி ஒன்று இருக்கும். பல பலூன்களில், குறிப்பிட்ட சூட்டில் உருகும் இணைப்பில் ஒரு சின்னக் கொடியும் தொங்கும். கொடி கூடைக்குள் விழுந்தால் சூடு மீறிவிட்டது என்று அர்த்தம்: உடனே இறங்க வேண்டும், துணியைச் சோதிக்காமல் மறுபடி ஏறக்கூடாது. வாய்ப் பக்கம் மட்டும் நோமெக்ஸ் என்ற தீப்பற்றாத துணி, ஏனென்றால் தழல் அங்கேதான் தொடும்.

எரிவாயு புரொப்பேன். இந்த அளவு பலூன் மணிக்கு 55 முதல் 60 லிட்டர் திரவத்தைக் குடிக்கும்; எடையில் நம் வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டர் இரண்டு. ஆனால் நம் அடுப்புக்கு வருவது சிலிண்டரின் மேற்பகுதியில் உள்ள ஆவி. பலூனில் அடியிலிருந்து திரவமாகவே உறிஞ்சி, பர்னரைச் சுற்றியிருக்கும் சுருள் குழாயில் தழலின் சூட்டிலேயே ஆவியாக்கி எரிக்கிறார்கள். அதனால்தான் அவ்வளவு உறுமல். குழாய் இணைப்பில் கசிந்தால் வருவது மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிக்கும் திரவம், வெறும் கையில் பட்டால் உறைந்து புண்ணாகும். இணைப்பை விமானியோ அவர் பழக்கிய ஆளோதான் தொடவேண்டும், நீங்கள் அல்ல.

இனி உங்கள் வேலை. மைதானத்துக்கு விடியற்காலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டியிருக்கும். போக்குவரத்து நெரிசலுக்கும் சேர்த்து நேரம் ஒதுக்குங்கள். சூரியன் வருமுன் சில பலூன்கள் விளக்கோடு ஏறும். 'டான் பேட்ரோல்' என்று பெயர். பார்க்க அழகு; ஆனால் மற்ற விமானிகள் அதைப் பார்ப்பது அழகுக்காக அல்ல. எந்த உயரத்தில் அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் அன்றைய காற்றின் வரைபடம். இதோடு ஒவ்வொரு குழுவும் ஹீலியம் அடைத்த சின்ன பலூன் ஒன்றைப் பறக்கவிட்டு, அது போகும் வழியைப் பார்க்கும். கொடிக்கம்பத்தையும் கவனியுங்கள்: பச்சை என்றால் பறக்கலாம், மஞ்சள் என்றால் காத்திருக்க வேண்டும், சிவப்பு என்றால் அன்று இல்லை. தரையில் காற்று 10 நாட், அதாவது மணிக்கு பதினெட்டு கி.மீ. சுற்றி வந்துவிட்டால் பெரும்பாலான விமானிகள் துணியைப் பையிலிருந்து எடுக்கவே மாட்டார்கள்.

கூடையை நிமிர்த்திய நிலையில் பர்னரைப் பொருத்தி ஒருமுறை எரித்துப் பார்த்துவிட்டு, காற்று போகும் பக்கம் பார்த்துச் சாய்த்துப் படுக்க வைப்பார்கள். துணிப் பையை அதே பக்கமாக இழுத்துக்கொண்டே போனால் துணி நீளமாக வெளியே வரும். துணியைக் கூடையோடு இணைக்கும் எஃகுக் கம்பிகளைக் கொக்கிகளில் மாட்டும்போது முறுக்கில்லாமல், திருகு முழுக்க மூடியிருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் இரண்டு பேர் பார்க்க வேண்டும். உச்சியில் பாராசூட் வால்வு என்று ஒரு பெரிய வட்டத் துணி இருக்கும். சூடான காற்றை வெளியேற்றவும், இறங்கியபின் பலூனைச் சுருக்கவும் அதுதான் கதவு. காற்று நிரப்பும்போது அது நழுவாமல் இருக்கப் பல பலூன்களில் வெல்க்ரோ பட்டைகளால் ஒட்டுவார்கள். ஒன்றை விட்டுவிட்டால் உச்சியில் ஓட்டையோடு நிரப்பிக்கொண்டிருப்பீர்கள். கூடையை வண்டியோடு சட்டென்று அவிழும் கொக்கி போட்டுக் கட்டிவிடுவார்கள். வண்டி ஹேண்ட்பிரேக்கில், என்ஜின் அணைத்து இருக்கவேண்டும்.

பிறகு பெட்ரோல் விசிறி. ஐந்து, பத்து நிமிடத்தில் குளிர்ந்த காற்றே முக்கால்வாசி நிரப்பிவிடும். புது ஆளுக்கு இரண்டு இடங்களில் ஒன்று கிடைக்கும். ஒன்று வாயைப் பிடிப்பது: இரண்டு பக்கமும் ஒவ்வொருவர் நின்று துணியின் வாயை அகலமாகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். முதல் தழல் உங்கள் தோளுக்குப் பக்கத்தில் போகும். அந்த உறுமலில் பயந்து துணியை விடுகிறவர்கள் உண்டு. விட்டால் வாய் சரிந்து தழலுக்குள் வந்து துணியில் ஓட்டை விழும். முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை நீட்டிப் பிடித்து அசையாமல் நில்லுங்கள். கம்பிகளுக்கு வெளியே நிற்கவேண்டும், கயிற்றுச் சுருளுக்குள் கால் இருக்கக்கூடாது, விசிறிக்கு நேர்ப்பக்கத்தில் நிற்கக்கூடாது.

மற்றொன்று உச்சிக் கயிறு. பலூனின் தலையிலிருந்து வரும் நீளமான கயிற்றைப் பிடித்து, கூடைக்கு எதிர்ப்பக்கம் பின்னால் சாய்ந்து நிற்பது. சூடு ஏற ஏற பலூன் நிமிரப் பார்க்கும். அதை ஒரே துள்ளலில் விடாமல், கயிற்றின் இழுப்புக்கு ஏற்ப நடந்து நடந்து கொடுக்கவேண்டும். திடீரென்று விட்டால் பலூன் அடித்து நிமிர்ந்து கூடையைத் தரையில் இழுக்கும். எடையுள்ள ஆட்களைத்தான் இங்கே போடுவார்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். இடுப்பில் சுற்றவே கூடாது.

பலூன் நிமிர்ந்ததும் எல்லோரும் கூடை விளிம்பில் சாய்ந்து உடல் எடையால் அழுத்தச் சொல்வார்கள். அப்போது ஒரே சட்டம்: கால் தரையைவிட்டு எழுந்தால் அந்த நொடியே கையை விடுங்கள். ஓர் அடி உயரத்தில் விடுவது ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் பிடித்துக் கீழே இழுக்கலாம் என்று தொங்கியவர்கள்தான் முப்பது அடியிலிருந்து விழுந்திருக்கிறார்கள்.

வரிக்குதிரைபோலக் கறுப்பு வெள்ளைச் சட்டை போட்டவர்கள் திரிவார்கள். அவர்களை 'ஸீப்ரா' என்றே கூப்பிடுகிறார்கள். மேலே வானம் காலியாக இருக்கிறதா என்று பார்த்து, விசிலடித்து, கட்டைவிரல் காட்டி அனுப்புவது அவர்கள் வேலை. கூடையில் இருக்கும் விமானிக்குத் தலைக்கு மேலே பார்க்க முடியாது, தன் துணியே மறைக்கும். அதனால்தான் வானத்திலும் வழிவிடும் சட்டம் அப்படி இருக்கிறது: கீழே இருக்கும் பலூனுக்கே முன்னுரிமை, மேலே இருப்பவர் விலக வேண்டும். துணியும் துணியும் மெதுவாக உரசினால் கவலையில்லை. ஒன்றின் கூடை மற்றொன்றின் துணிக்குள் போவதுதான் ஆபத்து.

கிளம்பும்போது நடக்கும் ஒரு ஏமாற்று, தரையில் நிற்பவர்களுக்குக்கூடத் தெரியவேண்டியது. காற்று அடிக்கும் காலையில் நிற்கும் பலூனின் தலைக்கு மேல் காற்று வேகமாக வழிந்து, கொஞ்சம் கூடுதலாகத் தூக்கும். போதிய சூடு ஏறிவிட்டது என்று நினைத்து விட்டால், பலூன் காற்றின் வேகத்துக்கு வந்ததும் அந்தப் பொய்த் தூக்கல் மறைந்துவிடும். முப்பது நாற்பது அடியில் பலூன் மறுபடி கீழே வரும், எதிரே வேலியோ வண்டியோ இருக்கும். அனுபவசாலிகள் கூடுதல் சூடு ஏற்றி, ஆட்களைக் கூடை விளிம்பில் சாய்ந்து அழுத்த வைத்து, பிறகுதான் விடுவார்கள். "ஏற்கெனவே தூக்குகிறதே, ஏன் இன்னும் எரிக்கிறார்" என்று யோசிக்காதீர்கள்.

மேலே போனபின் விமானிக்குப் பெரிய சிரமம் தாமதம். இந்த அளவு பலூனின் உள்ளே இருக்கும் காற்றின் எடை மட்டுமே அந்த ஊரில் 1.7 டன். அதையும் சேர்த்துத்தான் நகர்த்தவேண்டும். இப்போது எரித்தால் பலன் பல வினாடி கழித்துத்தான் தெரியும். புதியவர் எரித்துப் பார்த்து, ஒன்றும் நடக்கவில்லையே என்று மறுபடி எரித்து, சர்ரென்று ஏறி, பயந்து வால்வைத் திறந்து, வேகமாக இறங்கி, இப்படியே மேலும் கீழுமாகப் போவார். தேர்ந்தவர் சின்னச் சின்னதாக, முன்கூட்டியே எரிப்பார். ரியோ கிராண்டே ஆற்றில் கூடையின் அடி மட்டும் நனையும்படி தொட்டு எழுவதை அங்கே விளையாட்டாகச் செய்கிறார்கள். அது விமானியின் கையைச் சோதிக்கும் நல்ல பரீட்சை.

ஆபத்து என்று கேட்டால் முதல் பதில் மின்கம்பி. 2016 ஜூலையில் டெக்சாஸின் லாக்ஹார்ட்டில் பலூன் மின்கம்பியில் மோதி 16 பேர் இறந்தார்கள். 2021 ஜூனில் ஆல்புகர்க்கியிலேயே, திருவிழா இல்லாத நாளில், அதே காரணத்தால் 5 பேர். கம்பி மெல்லிசு, மேலிருந்து பார்த்தால் தெரியாது. கம்பத்தைப் பார்த்துத்தான் கம்பி இருப்பதை ஊகிக்க வேண்டும். கடைசி நேரத்தில் கம்பியைக் கண்டால் எரித்துத் தாண்டிவிடலாம் என்ற ஆசைதான் கொல்கிறது, மேலே சொன்ன தாமதத்தால். தாண்டமுடியுமா என்ற சந்தேகம் வந்தாலே வால்வை முழுக்கத் திறந்து கீழே போவதுதான் சரி. கம்பியில் துணி பட்டால் பிழைக்க வாய்ப்பு உண்டு. கூடையோ எஃகுக் கம்பிகளோ பட்டால் மின்சாரம் எரிவாயுவைத் தேடி வரும். தரைக் குழுவுக்கு இதில் ஒரு பாடம்: கம்பியில் சிக்கிய பலூனை, மின்வாரியத்தார் இணைப்பைத் துண்டித்தோம் என்று சொல்லும்வரை யாரும் தொடக்கூடாது. தொங்கும் கயிற்றையும் தொடக்கூடாது.

இரண்டாவது ஆபத்து இறங்கும்போது எரிவாயு. 2013 பிப்ரவரியில் எகிப்தின் லக்சரில் தரையிறங்கும் நேரத்தில் தீப்பிடித்து, எடை குறைந்த பலூன் மறுபடி மேலே ஏறி, 19 பேர் இறந்தார்கள். யாரும் விமானி சொல்லாமல் கூடையைவிட்டு இறங்கக்கூடாது என்ற சட்டம் ஏன் அவ்வளவு கறார் என்பது இதிலிருந்து புரியும். ஒருவர் குதித்தால் எழுபது கிலோ குறையும், மிச்சமிருப்பவர்களோடு பலூன் எழும். உங்களை ஏற்றிக்கொண்டால், இறங்கும்போது முழங்காலை மடக்கி, உள்பக்கக் கைப்பிடியைப் பிடித்து, கூடை கவிழ்ந்து இழுபட்டாலும் உள்ளேயே இருங்கள். பர்னர் பக்கமோ குழாய்கள் பக்கமோ கை போகக்கூடாது.

துரத்தும் வண்டியில் இருப்பவர்களுக்கு வேறு கவலைகள். வானத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டக்கூடாது; பக்கத்தில் இருப்பவர் பார்த்துச் சொல்ல வேண்டும். பலூன் தனியார் நிலத்தில் இறங்கினால் முதலில் வீட்டுக்காரரிடம் அனுமதி, பிறகுதான் வண்டி உள்ளே போகும். திறந்த கேட்டை மூடிவிட்டு வர வேண்டும். குதிரை, மாடு உள்ள இடத்தின்மேல் தாழ்வாகப் போகும்போது சத்தம் குறைந்த பர்னரை விமானி பயன்படுத்துவார். அதற்கு ஆங்கிலத்தில் பசு பர்னர் என்றே பட்டப்பெயர். துணியை மடிக்கும்போது காற்றைப் பிழிந்து பையில் திணிப்பது உண்மையிலேயே இடுப்பொடியும் வேலை. ஈரத்தோடு மடித்துப் பல நாள் விட்டால் பூஞ்சை பிடிக்கும்.

உடை விஷயத்தில் சென்னைக்காரர்கள் இரண்டு தவறு செய்வார்கள். ஒன்று, பாலைவனம் வெயிலாகத்தானே இருக்கும் என்று போவது; விடியலில் 5, 7 டிகிரி இருக்கும், பத்து மணிக்கு வெயில் சுடும். ஆகவே அடுக்கடுக்காக, கழற்றக்கூடியதாகப் போடுங்கள். இன்னொன்று, குளிருக்குப் பாலியெஸ்டர் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு பர்னர் பக்கம் நிற்பது. தீ பட்டால் அது உருகித் தோலில் ஒட்டும். பருத்தி, கம்பளி நல்லது. தோல் கையுறை, மூடிய ஷூ கட்டாயம். புடவை, துப்பட்டா, தொங்கும் மப்ளர் வேண்டாம். நீளமான முடியை முடிந்துகொள்ளுங்கள்.

மெரினா கேள்விக்கு இப்போது பதில் சுலபம். பலூன் பறப்பது சூரியோதயத்தை ஒட்டிய இரண்டு மணி நேரத்தில், அதாவது வெயிலில் தரை காய்ந்து காற்று குமுறத் தொடங்குமுன். அந்த நேரத்தில்தான் சென்னையில் தரைக்காற்று கடலை நோக்கி அடிக்கும். மெரினாவில் விட்ட பலூன் வங்கக் கடலுக்குப் போகும். கடற்காற்று உள்ளே வரும் பகல்வேளையில் அது பலூனுக்கு மிஞ்சிய வேகத்தில் அடிக்கும். மீனம்பாக்கம் விமான நிலையம், தாம்பரம் விமானப்படைத் தளம் இரண்டின் வான்வெளியும், நகரம் முழுக்க மின்கம்பிகளும் இருப்பதை இதோடு கூட்டிக்கொள்ளுங்கள். ஆர்வமிருந்தால் மீனம்பாக்கத்திலிருந்து அதிகாலை 5:30 மணிக் கணக்கில் ஏற்றும் வானிலை பலூனின் தகவலை 43279 என்ற நிலைய எண்ணில் இணையத்தில் பாருங்கள். எந்த உயரத்தில் எந்தத் திசைக்காற்று என்று வரிசையாக இருக்கும். பலூன் விமானிகள் கண்ணால் தேடுவதும் அதைத்தான்.

நம் பக்கம் பொங்கல் சமயத்தில் பொள்ளாச்சியில் 2015 முதல் பலூன் திருவிழா நடக்கிறது. 2025-ல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருவிடந்தையிலும் நடத்தினார்கள். பொள்ளாச்சியில் அந்த மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்குக் காற்று மேற்கே பாயும். அங்கே ஏறிய பலூன் கேரள எல்லையைத் தாண்டி வயலில் இறங்கியதாகச் செய்தி வந்தால் அது காற்று அடுக்கின் இயல்புதான்; விமானியின் பிழை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அங்கே பொதுமக்களை ஏற்றுவது பெரும்பாலும் கயிற்றில் கட்டிய பலூனில், சில நிமிடம், கொஞ்ச உயரத்துக்கு. டிக்கெட் வாங்கி வரிசையில் நிற்கும்போது உங்கள் சவாரியை ரத்து செய்துவிட்டு, பக்கத்தில் மற்றொரு பலூன் பறந்து போவதைக் காண நேரலாம். சுதந்திரமாகப் பறக்கும் பலூன் காற்றோடு சேர்ந்தே நகர்வதால் மேலே காற்று தெரியாது, மெழுகுவத்திகூட அணையாது. கட்டிய பலூனோ காற்றை எதிர்த்து நிற்கவேண்டும். சின்ன வீச்சுக்கே துணி குழிந்து கூடை தரையில் இடிக்கும். ஐந்தாறு நாட் தாண்டினால் கட்டு பலூனை நிறுத்திவிடுவது சரியான முடிவு. சண்டை போடாமல் மறுநாள் விடிகாலை போய் நில்லுங்கள்.